383 ஆக மாற்றும் ஷெவ்ரோலே எஞ்சினுக்கு எந்த நீளக் கனெக்டிங் ராட் பொருந்தும்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஷெவ்ரோலேயின் 350 கன அங்குல வி8 பிளாக்கில், சிலிண்டர் விட்டத்தை 4.030 அங்குலமாகக் கடைந்து, 3.75 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) உள்ள கிராங்க்‌ஷாஃப்டைப் பொருத்தி 383 கன அங்குலம் பெறும் பழகிய வழியையே பின்பற்ற எண்ணியுள்ளேன். பழைய 400 எஞ்சினின் கிராங்க்கைப் பயன்படுத்தினால் அதன் மெயின் ஜர்னல்களை (பிளாக்கின் தாங்கிகளில் அமர்ந்து சுழலும் பகுதிகளை) 2.65 அங்குலத்திலிருந்து 2.45 ஆகக் குறைக்க வேண்டும் என்பதால், புதிதாகவே வாங்கிவிடலாம் என்று தோன்றுகிறது.

ஸ்ட்ரோக் என்பது கிராங்க் பின் (ராடு மாட்டப்படும் இடம்) சுழல் அச்சிலிருந்து விலகியுள்ள தூரத்தைப் போல இருமடங்கு. பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் நீளம் அதை மாற்றாது. ஆனால், பிளாக்கின் 9.025 அங்குல உயரத்துக்குள் பாதி ஸ்ட்ரோக், ராடின் நீளம், பிஸ்டன் பின்னுக்கு (பிஸ்டனை ராடுடன் இணைக்கும் முள்) மேலுள்ள பிஸ்டன் உயரம் ஆகிய மூன்றும் அடங்கியாக வேண்டும். 5.7 அங்குல ராடு போட்டால் அந்தப் பிஸ்டன் உயரம் சுமார் 1.425 அங்குலம், ராடுக்கும் ஸ்ட்ரோக்குக்குமான விகிதம் 1.52. 6 அங்குல ராடானால் விகிதம் 1.6 ஆக உயர்ந்து, சிலிண்டர் சுவரின் மீதான பக்கவாட்டு அழுத்தம் சற்றுக் குறையும். ஆனால் பிஸ்டன் உயரம் 1.125 ஆகச் சுருங்கி, பிஸ்டன் பின்னின் துளை, பிஸ்டனைச் சுற்றியுள்ள ஆயில் ரிங் (எண்ணெயை வழிக்கும் வளையம்) பள்ளத்துக்குள் புகுந்துவிடுகிறது.

அன்றாடம் சாலையில் ஓடும் காருக்கு இந்தச் சிறு ஆதாயம் தேவையா என்பதே என் ஐயம். இவ்வேலையைச் செய்தவர்கள், எந்த ராடைத் தேர்ந்தெடுத்தீர்கள், ராடு போல்ட்டுக்கும் கேம்ஷாஃப்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விட்டீர்கள், பிளாக்கின் அடிப்பகுதியை எங்கெல்லாம் தேய்த்தீர்கள் என்று தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.