ஜிப்சி முன் ஆக்ஸில்: எதை மாத்துறது, எதை விடுறது?

வேலூர் பக்கத்து ஆஃப்ரோடு அண்ணன்களே, ஒரு யோசனை சொல்லுங்க.

வண்டி மாருதி ஜிப்சி. அமிர்தி, ஜவ்வாது மலைப் பக்கம் கல்லுப் பாதையில ஓடும். 205/70 ஆர்15 டயரை எடுத்துட்டு 235/75 ஆர்15 போட்டிருக்கு; விட்டம் சுமார் 65 மி.மீ. கூடிடுச்சு, ஆக்ஸிலுக்குப் பாரமும் கூடிடுச்சு. ஃபோர் வீல்ல ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு ஏறினா இடது பக்கம் 'டக் டக்'. சிவி ஜாயின்ட் (சக்கரம் ஒடிச்சாலும் சுழற்சியைக் கடத்துற மூட்டு) தேய்மானம்தான்.

நக்கிள் பந்துல (அந்த ஜாயின்ட்டை மூடியிருக்கிற உருண்டைக் கூடு) கிரீஸ் தண்ணியா ஒழுகுது. உள் ஆயில் சீல் போய் கியர் ஆயில் கலக்குதுன்னு அர்த்தம். அதனால ரெண்டு பக்கமும் சீல், கிங்பின் (நக்கிள் திரும்புற அச்சு) பேரிங் நாலு, மாலி கிரீஸ் (மாலிப்டினம் கலந்தது), இது உறுதி.

கேள்வி இதுதான்:

குரோமாலி (குரோமியம்-மாலிப்டினம் எஃகு) ஷாஃப்ட், சிவி முழு செட்டா வாங்கணுமா, வெளி ஜாயின்ட் மட்டும் போதுமா? ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் நுனியில இருக்கிற பல்வரி) எண்ணிக்கை மாறினா ஹப்பும் மாத்தணுமே.

லேத்துல இஎன்24 (அலாய் எஃகு) கம்பியில ஷாஃப்ட் கடைஞ்சு தர்றேங்கிறாங்க. ஹீட் ட்ரீட்மென்ட் சரியா இல்லைன்னா முறுக்கிக்கும், இல்ல பட்டுனு உடையும். ராணிப்பேட்டைப் பக்கம் நம்பி கொடுக்கலாமா? கடினத்தன்மை சோதிச்சுத் தருவாங்களா?

ஷாஃப்டைப் பலமாக்கினா அடுத்த அடி ஆக்ஸில் நடுவுல இருக்கிற கிரவுன் பினியன் பல்சக்கரங்களுக்குத்தானே? முன்னாடி லாக்கர் (ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணா சுத்த வைக்கிறது) போடுற எண்ணம் இல்லை. கிங்பின் ஷிம் (மெல்லிய தகடு) வச்சு, நக்கிள் திரும்ப எவ்வளவு இழுவை வேணும்னு பார்க்கத் தெரிஞ்ச மெக்கானிக் காட்பாடி, ஆற்காடு பக்கம் இருந்தா சொல்லுங்க.