நகர ஓடை மீட்பு: முதலில் தூர்வாருவதா, கழிவுநீரை நிறுத்துவதா?

கரையோரம்:
நகருக்குள் ஓடும் 2 கி.மீ. ஓடை ஒன்றை உள்ளாட்சி அமைப்பும் குடியிருப்போர் சங்கங்களும் சேர்ந்து மீட்பதாக முடிவாகியிருக்கிறது. தூர்வாரி இருபுறமும் சுவர் கட்டலாம் என்கிறார்கள் அதிகாரிகள். குப்பை அள்ளிக் கரையில் மரம் நடலாம் என்கிறார்கள் மக்கள். மழை இல்லாத நாளிலும் கறுத்த தண்ணீர் நுரையோடு ஓடுகிறது. எந்த வேலை முதலில்? தன்னார்வலர்கள் எடுக்கும் அளவுகளைப் பொறியாளர்கள் ஏற்க வேண்டுமானால் எப்படி எடுக்க வேண்டும்?

வடிநிலம்:
இரண்டையும் கொஞ்சம் தள்ளிவையுங்கள். மழை இல்லாத நாளில் ஓடுவது மழைநீர் அல்ல. அது எந்தெந்தக் குழாய் வழியாக வருகிறது என்று தெரியாமல் தூர்வாரினால், அள்ளிய இடத்தில் அதே கசடு மறுபடி படியும். செலவழித்த பணம் போவதோடு மக்களுக்கும் நம்பிக்கை போய்விடும்.

கடைசி மழை நின்று 72 மணி நேரம் கழித்து, கீழ்முனையிலிருந்து மேல்நோக்கி இரு கரையிலும் நடந்து பாருங்கள். ஓடையில் வந்து சேரும் ஒவ்வொரு குழாய்க்கும் பெயின்டில் ஓர் எண் எழுதுங்கள். விட்டம், இருப்பிடம், படம், நீர் வருகிறதா, நிறம், வாடை, வாயில் படிந்திருக்கும் கறை எல்லாம் பதிவாக வேண்டும். வீடுகளில் புழக்கம் அதிகமுள்ள காலை நேரத்தில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை. பட்டறைகள் விட்டுவிட்டுத் திறப்பதால் ஒரே சுற்றில் எல்லாம் அகப்படாது. காய்ந்திருந்தும் கறை உள்ள குழாயின் வாயில் மணல் மூட்டையால் சிறு தடுப்பு வைத்து, இரண்டு நாளில் என்ன தேங்குகிறது என்று பாருங்கள். மழை வருவதற்குள் அதை எடுத்துவிட வேண்டும்.

குழாய் நீரை வாளியால் அளக்கலாம். 10 லிட்டர் வாளி 20 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு அரை லிட்டர், அதாவது நாளுக்கு 43,200 லிட்டர். ஓடைக்கு, 10 மீட்டர் நேரான பகுதியில் பாதி நீர் நிரப்பிய பாட்டிலை ஐந்து முறை மிதக்கவிட்டுச் சராசரி எடுங்கள். மேற்பரப்பில் நீர் வேகமாக ஓடும் என்பதால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். சராசரி 25 விநாடி, அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் 0.3 மீட்டர் என்றால் விநாடிக்குச் சுமார் 200 லிட்டர்.

பலர் விட்டுவிடும் ஒரு கணக்கு உண்டு. எல்லாக் குழாய்களின் அளவையும் கூட்டி, ஓடையின் கீழ்முனை அளவோடு ஒப்பிடுங்கள். மேலிருந்து இயல்பாக வரும் நீரைக் கழித்த பிறகும் ஓடையில் அதிகமாக ஓடினால், நீருக்கடியில் மறைந்த குழாயோ, உடைந்த பாதாளச் சாக்கடையின் கசிவோ, நிலத்தடி ஊற்றோ இருக்கிறது.

நீர்ச்சோதனை:
மேலே சொன்னதோடு, நீர் வரும் குழாய்களில் அம்மோனியா, சோப்புப்பொருள், பொட்டாசியம் மூன்றையும் பாருங்கள். அம்மோனியாவும் சோப்பும் சேர்ந்து உயர்ந்து, அம்மோனியா பொட்டாசியத்தைவிட அதிகமாக இருந்தால் மலக்கழிவு என்று சந்தேகிக்கலாம். சோப்பு மட்டும் உயர்ந்து அம்மோனியா குறைவாக இருந்தால் அநேகமாகத் துணி துவைத்த நீரோ வண்டி கழுவிய நீரோதான். மூன்றும் குறைவாக இருந்து தெளிவாக ஓடினால் குடிநீர்க் குழாய்க் கசிவோ ஊற்றோ ஆகலாம்.

கரைந்த ஆக்சிஜனை விடியுமுன் அளக்க வேண்டும். பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடுவதால், கெட்ட ஓடையும் பிற்பகலில் நல்ல எண் காட்டும். 27 டிகிரி செல்சியஸில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் வரை தாங்கும். 4-க்குக் கீழே போனால் மீன் திணறும்.

பொறியாளர் ஏற்பது பற்றி: பத்தில் ஒரு மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அரசு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இரு முடிவும் ஒத்துப்போனால் மற்ற ஒன்பதையும் தள்ளிவிட முடியாது. நுண்ணுயிர்ச் சோதனைக்கான மாதிரி பனிக்கட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

பாதாளக்குழாய்:
சந்தேகக் குழாயைக் கண்டுபிடித்ததோடு தன்னார்வலர் வேலை நிற்க வேண்டும். மேன்ஹோல் மூடியை யாரும் திறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) தாண்டினால் மூக்கே மரத்துப்போகும், நாற்றம் தெரியாது. அதற்குப் பிறகு ஆபத்து மிக வேகமாக வரும்.

குழாய்க்குள் கேமரா, குழாயில் புகை செலுத்தி எங்கே வெளிவருகிறது என்று பார்க்கும் புகைச் சோதனை, வீடுவீடாக வடிகுழாயில் சாயம் ஊற்றி எங்கே போகிறது என்று பார்க்கும் சாயச் சோதனை எல்லாம் அலுவலகத்தின் பொறுப்பு. வீட்டுக்குள் நுழையும் அதிகாரம் அவர்களுக்குத்தான். முன்கூட்டியே விளக்கி அறிவிப்புக் கொடுப்பதைச் சங்கம் செய்யலாம், அது இல்லாமல் கதவு திறக்காது. கழிப்பறைக்கு ஒரு நிறம், சமையலறைக்கும் துவைக்கும் இடத்துக்கும் வேறு நிறம் போடச் சொல்லுங்கள். பல வீடுகளில் வாஷிங் மெஷின் குழாய் மட்டும் மழைநீர் வடிகாலில் தவறாகச் சேர்ந்திருக்கும்.

எல்லா இணைப்பையும் திருத்த ஆண்டுகள் ஆகும். அதுவரை வடிகால் வாயில் தடுப்புத்தொட்டி கட்டி, வறண்ட நாள் நீரைச் சாக்கடைக்குத் திருப்பலாம். திருப்பும் துளையைக் குப்பை அடைத்தால் வெயில் நாளிலும் கழிவுநீர் வழிந்து ஓடைக்கே வரும். வெள்ளத்தில் ஓடைநீர் பின்னோக்கி ஏறாமல் மடக்கு வால்வும் வேண்டும். ஜெர்மனியின் எம்ஷர் ஆற்றில் 1992-இல் தொடங்கிய பணியில் நிலத்தடியில் 51 கி.மீ. நீளப் பெருஞ்சாக்கடை போட்டார்கள். 2021 இறுதியில்தான் கழிவுநீர் வரத்து முற்றிலும் நின்றது. தென்கொரியத் தலைநகர் சோலின் சியோங்கேசியோன் ஓடையைப் பலர் முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். 2005-இல் திறந்த அந்த 5.8 கி.மீ. ஓடையில் ஓடுவது பெரும்பாலும் ஹான் ஆற்றிலிருந்து பம்ப் செய்த நீர். அழகான பொதுவெளிதான், ஆனால் பம்ப் நின்றால் ஓடையும் நின்றுவிடும். உங்களுக்கு அது தேவையா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கரையோரம்:
நன்றி. குழாய்க் கணக்கு முடிந்தபின் வண்டலும் கரையும்?

மண்கரை:
வண்டலில் ஈயம், காட்மியம், குரோமியம் சோதித்த பிறகே எங்கே கொட்டுவது என்று முடிவு செய்யுங்கள். சோதிக்காமல் கரையில் குவித்தால் அடுத்த மழையில் பாதி திரும்பிவிடும். மேலிருந்து கீழாக அள்ள வேண்டும், ஏனென்றால் கலங்கிய கசடு கீழே போகும். இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்துப் பழைய அடிமட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே தோண்டினால் கரையின் பாதமும் பாலத்தின் அடித்தளமும் ஆட்டம் காணும்.

சுவர் என்பது இடமே இல்லாத பகுதிக்கு மட்டும். மற்ற இடங்களில் 1:2 (ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் அகலம்) அல்லது அதைவிடத் தட்டையான சரிவு, பாதத்தில் கல், மேலே தென்னைநார் விரிப்பு போதும். விரிப்பின் மேல்விளிம்பை 30 செ.மீ. பள்ளத்தில் புதைக்காவிட்டால் முதல் வெள்ளமே உருவிக்கொண்டு போகும். வெட்டிவேரை 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில், மழைக்காலத்துக்கு மூன்று மாதம் முன்பே நடுங்கள். சிங்கப்பூரில் காலாங் ஆற்றின் 2.7 கி.மீ. கான்கிரீட் கால்வாயை 3.2 கி.மீ. வளைந்த ஆறாக மாற்றியபோது இப்படித் தாவரமும் கல்லும் சேர்த்தே கரையைப் பிடித்தார்கள்.

குப்பை மிதவைத் தடுப்பை ஓடைக்குக் குறுக்கே நேராகக் கட்டாதீர்கள். சாய்வாகக் கட்டி, லாரி வரக்கூடிய கரையில் குப்பை ஒதுங்கச் செய்யுங்கள். நிரம்பிய தடுப்புக்கு அடியில் குப்பை நழுவிவிடும். எத்தனை மணி நேரத்துக்குள் யார் அள்ளுவது என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

அந்த ஒப்பந்தத்தைக் குழாய் எண் வாரியாகவே எழுதுங்கள்: ஒவ்வோர் எண்ணுக்கும் பொறுப்பான அலுவலர், கெடு நாள், இப்போதைய நிலை. சரிசெய்தாயிற்று என்று அலுவலகம் சொன்ன குழாயை, அடுத்த 72 மணி வறட்சிக்குப் பிறகு சங்கத்தினர் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் பட்டியலிலிருந்து நீங்க வேண்டும்.