கொலோன் உர்சுலா கோவிலில் சிரிக்கும் மரச் சுரூபங்கள்

தூத்துக்குடியிலிருந்து அம்மா என்னைப் பார்க்க ஜெர்மனி வந்திருந்தபோது கொலோனுக்குக் கூட்டிப் போனேன். பேராலயத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தால் புனித உர்சுலா கோவில். அங்கே 'பொன் அறை' என்று ஒன்று உண்டு. 1643-இல் கட்டியது.

உள்ளே நுழைந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். சுவரின் மேல்பகுதி முழுக்க மனித எலும்புகள். கோலம் போட்டதுபோல் அடுக்கி, அவற்றாலேயே லத்தீன் எழுத்துகளும் அமைத்திருக்கிறார்கள். கீழே பொன் பூசிய மாடங்களில் பட்டும் ஜரிகையும் சுற்றிய மண்டையோடுகள், 600-க்கும் மேல். அவற்றோடு 100-க்கும் மேற்பட்ட மார்பளவுச் சுரூபங்கள். பெரும்பாலும் மரத்தில் செதுக்கியவை.

அந்தச் சுரூபங்கள் திருப்பண்டம், அதாவது புனிதர்களின் எலும்பு, வைக்கும் பேழைகள். உள்ளே குடைந்து, பலவற்றில் உச்சந்தலையை மூடிபோலத் திறக்கும்படி செய்திருக்கிறார்கள். மண்டையோடு அதற்குள் இருக்கும். சிலவற்றில் நெஞ்சில் சன்னல் மாதிரி பின்னல் வேலைப்பாடு. அதன் வழியே எலும்பைப் பார்க்கலாம்.

நான் ஒரே ஒரு பெண் முகத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். அலையலையாகப் பொன் கூந்தல், உப்பிய கன்னம், உதட்டோரம் மட்டும் லேசாக மேலேறிய சிரிப்பு. கன்னத்துச் சிவப்பு சில இடங்களில் உதிர்ந்து மரம் தெரிந்தது. வேதசாட்சி, அதாவது விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர், என்றால் அம்பு பாய்ந்த செபஸ்தியாரைப் பார்த்தே பழகியவன் நான். இங்கே காயமில்லை, ரத்தமில்லை. செதுக்கியவர் அவளைக் கொன்ற விதத்தை விட்டுவிட்டு அவளை மட்டும் செதுக்கியிருக்கிறார். எனக்கு அதுதான் பெரிய மரியாதையாகப் பட்டது.

"ஏலே, நம்ம வீட்டுப் பிள்ள மாதிரில்லா சிரிக்கா. பேரு என்ன?" என்றார் அம்மா. பெயர் எழுதியிருக்கவில்லை.

வெளியே வந்து கதையைச் சொன்னேன். உர்சுலாவும் 11,000 கன்னியரும் ரோமுக்குப் போய்த் திரும்பும் வழியில் ஹூணர்களால் இங்கே கொல்லப்பட்டதாக மரபு. ஆனால் கோவிலில் கிளமேத்தியுஸ் என்பவர் பெயரில் இருக்கும் பழைய கல்வெட்டில் கன்னியரின் எண்ணிக்கையும் இல்லை, பெயர்களும் இல்லை. 11 வேதசாட்சிக் கன்னியர் என்பதன் லத்தீன் சுருக்கத்தில் வேதசாட்சியைக் குறித்த 'எம்' என்ற எழுத்தை, ரோமன் எண்ணில் வருவதுபோல் ஆயிரம் என்று வாசித்துவிட்டார்கள் என்றொரு விளக்கம் உண்டு. 1106-இல் நகர மதிலை விரிவாக்கத் தோண்டியபோது ரோமானியர் காலத்து இடுகாடு ஒன்று வெளிப்பட்டது. அந்த எலும்புகளைத்தான் கன்னியருடையவை என்று எடுத்துக்கொண்டார்கள். ஆண்கள், குழந்தைகள் எலும்புகளும் அதில் இருந்தன.

"அப்படின்னா அது யாரோ ஒரு பிள்ளயோ?"

"இருக்கலாம்மா."

சரி என்று தலையசைத்துவிட்டு அம்மா மறுபடி உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். புனிதர் முன்னால் நின்றால் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்றுதான் சொல்வோம். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டு, அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்து, கல்லறைத் திருநாளில் தாத்தாவுக்குச் சொல்லும் 'நித்திய இளைப்பாற்றி' செபத்தை முழுசாகச் சொல்லி முடித்தார்.