ஆழமும் ஓட்டமும் உள்ள இடத்தில் சின்ன கணவாய் ஜிக்குக்கு எடை கூட்டுவது எப்படி?

தெம்பனிஸ் குமரன்:
சிங்கப்பூர் செயின்ட் ஜான்ஸ் தீவுப் பக்கம் படகை நங்கூரம் போட்டு நிறுத்திப் பிடிக்கிறோம், 20 மீட்டர் ஆழம். கணவாய் உள்ளங்கை அளவுதான். ஜிக்கில் (இறால் வடிவத் தூண்டில்) 3.5 அளவு போட்டால் பின்னாலேயே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது, 2.5 என்றால் பிடிக்கிறது. ஆனால் நீரோட்டம் எடுத்துவிட்டால் 2.5 தரைக்கே போவதில்லை, தூண்டில் நரம்பு படுத்துக்கொண்டு போகிறது. மூக்கில் ஈயம் மாட்டலாமா அண்ணே?

பீடோக் ஜெட்டி:
தம்பி, 2.5 ஜிக் சுமார் 10 கிராம், மீட்டருக்கு 4 நொடி என்று வைத்துக்கொண்டாலும் 20 மீட்டர் இறங்க 80 நொடி. 2 நாட் ஓட்டம் நொடிக்கு 1 மீட்டர், அதற்குள் ஜிக் 80 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். 2, 3 கிராம் கூட்டி இதைச் சமாளிக்க முடியாது. மூக்கில் 10 கிராம் மாட்டினால் இறங்கும், ஆனால் சின்ன ஜிக் தலைகுப்புற விழும். கணவாய் பெரும்பாலும் ஜிக் இறங்கும்போதும் நிற்கும்போதும்தான் பிடிக்கும், அந்த நேரத்தில் சாய்வு கெட்டால் எல்லாம் வீண். கொஞ்சம்தான் கூட்ட வேண்டும் என்றால் ஈயக் கம்பியை நெஞ்சில் இருக்கும் ஈயத்தோடு ஒட்டிச் சுற்றுங்கள், மூக்கில் வேண்டாம். அப்புறம் நரம்பு. தடித்த தங்கூஸ் போட்டிருந்தால் மெல்லிய பின்னல் நரம்பான பிஇ 0.6க்கு மாறுங்கள், பாதித் தொல்லை அதிலேயே போய்விடும்.

ராணி அக்கா:
நான் ஜிக்கில் கையே வைக்க மாட்டேன், அப்போலோ என்கிற கட்டுதான் கட்டுவேன். அடியில் 60 கிராம் ஈயம், அதற்கு அரை மீட்டர் மேலே முக்கண் சுழலி (மூன்று வளையம் உள்ளது), அதிலிருந்து 70 செ.மீ. கிளை நரம்பில் ஜிக். எடையை ஈயம் பார்த்துக்கொள்ளும், ஜிக் ஓட்டத்தில் தானாக மிதந்து ஆடும். ஈயத்தைக் கட்டும் துண்டு மட்டும் மெல்லிய நரம்பாக இருக்கட்டும், பாறையில் மாட்டினால் ஈயம் மட்டும் போகும், ஜிக் கைக்கு வரும். ஓங்கித் துள்ள விடாதீர்கள், மெதுவாகத் தூக்கி 10 நொடி அப்படியே பிடியுங்கள். ஜிக் முள்ளில் கழலாமல் பிடிக்கும் எதிர்முள் கிடையாது, கணவாய் மாட்டியபின் நரம்பு ஒரு நொடி தளர்ந்தாலும் போச்சு.

தெம்பனிஸ் குமரன்:
நன்றி அக்கா. கிளை நரம்பு பிரதான நரம்பில் சுற்றிக்கொள்ளாதா?

ராணி அக்கா:
வேகமாக இறக்கினால் சுற்றும். சுருளை விரலால் தடுத்துத் தடுத்து இறக்குங்கள். கிளைக்குக் கொஞ்சம் விறைப்பான புளோரோகார்பன் நரம்பு போடுங்கள்.

பீடோக் ஜெட்டி:
அக்கா சொல்வது சரி, நங்கூரம் போட்ட படகுக்கு அதுதான். படகை ஓட்டத்தோடு மிதக்க விட்டால் ஜிக்கும் கூடவே வரும், படகைக் காற்று தள்ளுவதற்கு ஈடாக மட்டும் எடை போதும். அப்போது மூக்கு ஈயமும் வேலை செய்யும், நரம்பு இழுபட்டு ஜிக் கிடைமட்டமாகிவிடும். ஆனால் அங்கே கப்பல் போக்குவரத்து அதிகம், படகோட்டி சம்மதித்தால் மட்டும் செய்யுங்கள். திதியையும் பார்த்துப் போங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் பிய்த்துக்கொண்டு போகும், அட்டமி கழிந்த ஓரிரு நாளில் தணியும்.