படம் காட்டிப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடுமா?

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு தாய்):
என் மகளுக்கு 22 மாதங்கள் ஆகின்றன. மூளை முடக்குவாதத்தால் கழுத்து இன்னும் முழுமையாக நிற்கவில்லை. இரண்டொரு ஒலிகளைத் தவிரச் சொல் எதுவும் வரவில்லை. பொருள்களையும் படங்களையும் காட்டி, வேண்டியதைக் கண்ணால் தேர்ந்தெடுக்கப் பழக்குமாறு பயிற்சியாளர் கூறுகிறார். அப்படிப் பழகிவிட்டால் வாய் திறக்கவே மாட்டாள் என்று என் மாமியார் அஞ்சுகிறார். எனக்கும் அந்தத் தயக்கம் இருக்கிறது.

பதில் (பேச்சுப் பயிற்சியாளர்):
அந்த அச்சம் இயல்பானதே. ஆனால் படமும் சைகையும் பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. சில குழந்தைகளிடம் பேச்சு சற்றுக் கூடவும் செய்கிறது. இந்த வயதில் படத்தைவிட உண்மைப் பொருளே எளிது. எனவே பால் தம்ளரையும் பந்தையும் கொண்டே தொடங்குங்கள். தலை சரிந்தபடி இருக்கும் குழந்தை தன் வலிமையையெல்லாம் கழுத்தை நிறுத்துவதிலேயே செலவிட்டுவிடும் என்பதால், முதுகுக்கும் தலைக்கும் தாங்கல் கொடுத்து உட்கார வைத்த பிறகே கேளுங்கள். செவித்திறனைப் பெரா பரிசோதனையின் (ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் காட்டும் எதிர்வினையை அளக்கும் சோதனை) மூலம் உறுதிசெய்தீர்களா? இல்லையெனில் அரசு மருத்துவமனையிலுள்ள மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில் விசாரியுங்கள்.

பதில் (ஒரு தந்தை):
எங்கள் வீட்டில் தடையாக இருந்தது நாங்கள்தாம், சகோதரி. மகன் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கொடுத்துவிடுவோம்; பாசம்தான், ஆனால் அவன் கேட்க வேண்டிய தேவையே எழவில்லை. கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருக்கத் தொடங்கிய பிறகே அவன் பார்வை விடை சொல்கிறது என்பதை உணர்ந்தோம். படத்தைத் தொட்டால் அதற்குரிய சொல்லைக் குரலில் சொல்லும், சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் உண்டு. நாங்கள் அதற்கு வந்தது நான்கு வயதில்தான், இப்போது அவசரமில்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. செவித்திறன் சரியாகவே உள்ளது. இன்று முயன்றபோது அவள் எப்போதும் வலப்பக்கப் பொருளையே பார்த்தாள். அதைத்தான் விரும்புகிறாள் என்று கொள்ளலாமா?

பதில் (பேச்சுப் பயிற்சியாளர்):
உடனே அப்படிக் கொள்ள வேண்டாம். பொருள்களை ஒரு முழ இடைவெளியில் பிடித்து, அடுத்த முறை இடம் மாற்றிக் காட்டுங்கள். தம்ளர் இடப்பக்கம் வந்த பிறகும் அவள் கண் அதையே தேடிச் சென்றால் அது விருப்பம். மீண்டும் வலப்பக்கமே நின்றுவிட்டால், தலை அப்பக்கம் திரும்பியிருக்கலாம். பார்வையிலும் குறை இருக்கலாம். மூளை முடக்குவாதமுள்ள குழந்தைகளிடம் இது அரிதன்று. ஆகவே கண் மருத்துவரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.