உருளையின் புறப்பரப்புச் சூத்திரத்தில் ஆரத்தை எப்படித் தனியே எடுப்பது?

கேள்வி:
உருளையின் மொத்தப் புறப்பரப்பு ப = 2πஆ² + 2πஆஉ (ஆ ஆரம், உ உயரம்). பரப்பு 880 ச.செ.மீ., உயரம் 13 செ.மீ., π = 22/7. ஆரம் வேண்டும். 2πஆ-வைப் பொதுவாக வெளியே எடுத்து வகுத்தால் ஆ = ப / [2π(ஆ + உ)] என்று நிற்கிறது. வலப்பக்கத்து ஆ-வை என்ன செய்வது?

பதில் 1:
ஆ ஓர் உறுப்பில் வர்க்கமாகவும் அடுத்ததில் வெறுமனேயும் இருக்கிறது. எப்படி வகுத்தாலும் ஒரு ஆ மிஞ்சும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவாருங்கள்:

2πஆ² + 2πஉஆ − ப = 0

ஆ²-இன் கெழு 2π, ஆ-வின் கெழு 2πஉ, மாறிலி −ப. உ எழுத்தாக இருந்தாலும் இங்கே அது தெரிந்த எண்தான். பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இருபடிச் சூத்திரத்தில் இட்டு, மேலும் கீழும் 2π-ஆல் சுருக்கினால்:

ஆ = [−உ ± √(உ² + 2ப/π)] / 2

2ப/π = 560. 169 + 560 = 729, வர்க்கமூலம் 27. ஆ = (−13 + 27)/2 = 7 செ.மீ. இன்னொரு மூலம் −20. ஆரம் குறை எண்ணாக வராது, விட்டுவிடலாம்.

மாறிலியின் மைனஸை மறந்தால் 169 − 560 = −391 ஆகி, மெய் மூலமே இல்லை என்று கணக்கு நின்றுவிடும்.

கேட்டவர்:
நன்றி. ஆனால் கால்குலேட்டரில் 0.5 வருகிறதே?

பதில் 2:
தொகுதிக்கு அடைப்புக்குறி போடவில்லை. 27 மட்டும் 2-ஆல் வகுபட்டு, −13 + 13.5 ஆகியிருக்கிறது. −உ-வில் தொடங்கி வர்க்கமூலம் முடியும்வரை ஒரே அடைப்புக்குள் வையுங்கள்.

சரிபார்க்க ஒரு வழி: வர்க்கமூலத்தின் மதிப்பு எப்போதும் உயரமும் விட்டமும் சேர்ந்த அளவு. 13 + 14 = 27.

சூத்திரம் மறந்துபோனால் வர்க்கப் பூர்த்தி முறை இன்னும் சுருக்கம். 2π-ஆல் வகுத்தால் ஆ² + 13ஆ = 140. இருபுறமும் 6.5²-ஐ, அதாவது 42.25-ஐக் கூட்டினால் (ஆ + 6.5)² = 182.25. ஆ = 13.5 − 6.5 = 7.

பதில் 3:
மூடியில்லாத டப்பாவுக்கு இதே விடையை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒரு வட்டம் குறைவதால் ஆ²-இன் கெழு π ஆகிறது. ஆ-வின் கெழு மாறாது. அப்போது ஆ = −உ + √(உ² + ப/π). இதே 7, 13 அளவுக்குப் பரப்பு 726 ச.செ.மீ.; 169 + 231 = 400, −13 + 20 = 7.