கிதியோனின் முந்நூறு பேர்: ஒரு விளக்கம் தேவை

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில், சுயபலத்தை அல்ல, தேவபலத்தைச் சார்ந்திருப்பதைப் பற்றி நியாயாதிபதிகள் 7ஆம் அதிகாரத்திலிருந்து பேசும் பொறுப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. இஸ்ரவேலரை ஒடுக்கிய மீதியானியருக்கு எதிராகக் கிதியோனின் தலைமையில் திரண்ட 32,000 பேரில் பயந்த 22,000 பேர் வீடு திரும்ப, எஞ்சிய 10,000 பேரும் தண்ணீரண்டையில் சோதிக்கப்பட்டு, கையால் அள்ளி நக்கிக் குடித்த 300 பேர் மட்டுமே எக்காளம், வெறும் பானை, தீவட்டி ஆகியவற்றோடு நின்றார்கள். தங்கள் கையே தங்களை இரட்சித்தது என்று இஸ்ரவேலர் வீம்பு பேசாதபடிக்கே இப்படிக் குறைக்கப்பட்டார்கள் என்று இரண்டாம் வசனமே சொல்லிவிடுவதால், அதுவரை எனக்குக் குழப்பமில்லை.

சென்ற வாரம் ஓர் அக்கா, அடகு வைத்த இரண்டு வளையல்களின் ரசீதை வேதாகமத்துக்குள்ளிருந்து எடுத்துக் காட்டி, "அப்படியானால் நான் தவணை கேட்டு அலைவது அவிசுவாசமா, தம்பி?" என்று கேட்டார். "ஜெபியுங்கள், அக்கா" என்று சொல்லி நழுவிவிட்டேன். அது பதிலே அல்ல. நெகேமியா 4:9இல் எருசலேமின் அலங்கத்தைக் கட்டியவர்கள், எதிரிகள் மிரட்டியபோது, ஜெபமும் பண்ணி, இரவும் பகலும் காவலும் வைத்தார்களே, அதைக் கிதியோனோடு இணைத்துப் பேசுவது சரியாகுமா? அந்த 300 பேரும் தீவட்டியை ஏந்தி அவரவர் இடத்தில் நிற்கத்தானே வேண்டியிருந்தது? இப்பகுதியைப் போதித்தவர்கள், குறிப்பாகக் கடன் சுமையில் இருப்பவர்களோடு இதைப் பேசிய அனுபவமுள்ளவர்கள், வியாழக்கிழமைக்குள் எழுதினால் பேருதவியாக இருக்கும்.